சங்கிலி போடாத ரம்பங்கள்

ரம்பக்கா பயப்படாத பொருள் என்று ஒன்றை இந்த உலகத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். லிஃப்ட் என்றால் பயம். நாய் என்றால் பயம்; கட்டிப் போட்ட நாயாக இருந்தாலும் கயிறு எவ்வளவு தூரம் எட்டும் என்று கண்ணால் அளந்துவிட்டுத்தான் தாண்டுவாள். அடுப்பை அணைத்த கையோடு ஒரு தடவை பார்ப்பாள், கதவைப் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பாள், தெருமுனை வரைக்கும் போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பாள். பஸ்ஸில் முன் சீட்டும் ஆகாது, பின் சீட்டும் ஆகாது. நடுவில் இடம் இல்லாவிட்டால் அடுத்த பஸ்தான்.

இப்படிப்பட்டவள் வீட்டில் மரம் அறுக்கிற மெஷின்கள் பதினொன்று இருந்தன. எல்லாம் பெட்ரோலில் ஓடுகிற, சங்கிலியில் பல் வைத்த, அந்தக் காலத்து இரும்பு ராட்சசன்கள். யாரும் நம்ப மாட்டார்கள். ரம்பக்கா என்ற பெயரே அவற்றால் வந்ததுதான். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுப் புதிதாக அறிமுகமாகிறவர்கள், இவள் பேச ஆரம்பித்தால் ஆளை அறுத்துவிடுவாள் போலிருக்கிறது என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். பாவம், அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வருவதே பெரிய விஷயம்.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் செய்தது பல்செட் வேலை. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் வைத்த அறை. மேசையெல்லாம் வெள்ளை மாவுத் தூசி, ஒரு மூலையில் ஸ்பிரிட் விளக்கு, சுவரோரப் பலகையில் வரிசையாகத் தாடைகள். வாய்க்குச் சொந்தக்காரரை அவள் பார்ப்பதே இல்லை. அச்சு மட்டும் வரும். மாவைக் கரைத்து ஊற்றித் தாடை எடுப்பாள், மெழுகில் ஈறு வைப்பாள், பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் சேர்ந்து கடிக்கிறதா என்று பார்த்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். ஒரு பல் முடியளவு உயர்ந்துவிட்டாலும் ஆள் சாப்பிட முடியாமல் வந்து டாக்டரைப் பிடித்துக்கொள்வார். டாக்டர் இவளைப் பிடித்துக்கொள்வார். ஆனால் அவள் செய்த செட் திரும்பி வந்ததே அபூர்வம். மற்றவர்கள் ஒரு தடவை சரிபார்ப்பதை அவள் நாலு தடவை சரிபார்ப்பாள். திறமை பாதி, பயம் பாதி.

முதல் மெஷினைக் கொண்டுவந்தவர் வீட்டுக்காரர். மர லோடு ஏற்றும் லாரி ஓட்டியவர் அவர். மரக்கிடங்கில் ஓடாமல் கிடந்த ஒரு பழைய மெஷினை, வேண்டாம் என்று தூக்கி எறிகிற நேரத்தில், எதற்காவது ஆகும் என்று வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எதற்கும் ஆகவில்லை. பின்கட்டுச் சுவரில் சாத்திவைத்தார், மறந்து போனார். மறக்க முடியாமல் தவித்தவள் இவள்தான். துணி காயப்போடப் போனால் அது இருந்தது. பாத்திரம் கழுவப் போனால் அது இருந்தது. வாய் முழுக்கப் பல்லோடு அவளையே பார்த்துக்கொண்டு இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

"அதைத் தூக்கிப் போடுங்களேன், எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள்.

"செத்துப்போன மெஷினுக்குக்கூடப் பயப்படுறவளை நான் இப்பதான் பாக்குறேன்" என்றார் அவர். விஷயம் அத்தோடு முடிந்தது.

ஒரு லீவு நாளில் அவளே அதைப் பிரித்தாள். பிரித்துப் போட்டுவிட்டால் பயம் போய்விடும் என்று ஒரு கணக்கு. பழைய பேப்பரை விரித்து, முதலில் சங்கிலியைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு ஒவ்வொரு திருகாணியாக. உள்ளே என்ன இருந்தது? டம்ளர் அளவுக்கு ஒரு பிஸ்டன், ரெண்டு மூணு ஸ்பிரிங், கரி, எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு செத்த பல்லி. அவ்வளவுதான். இத்தனை நாள் மிரட்டியது இதுதானா என்று அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் எழுந்திருக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. பல் வேலைக்கு வைத்திருந்த ஊசி முனையால் கார்புரேட்டரின் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்தாள், பாலிஷ் போடும் சக்கரத்தில் மூடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். சில வாரம் கழித்து அது புகையைக் கக்கிக்கொண்டு இரைந்தபோது, பக்கத்து வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வீட்டுக்காரர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லையாம். அவரே சொல்லிக்கொள்வார்.

பிறகு பழைய இரும்புக் கடைக்காரர்கள் அவளுக்குச் சொல்லியனுப்ப ஆரம்பித்தார்கள். மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று, ஆரஞ்சு ஒன்று, ரெண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய யானைக்குட்டி ஒன்று. இதே கிறுக்குப் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று மகள்தான் போனில் அவர்களுடைய குழுவைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அந்தக் குழுவில் அவள் படம் போட்டால் ஆகா ஓகோ என்பார்கள். "மரத்துல வச்சு ஓட்டிப் பாத்தீங்களா?" என்று எவனாவது ஒருவன் கேட்பான். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் ஒரு பூப்படத்தை அனுப்பிவிட்டு நழுவிவிடுவாள்.

ஏனென்றால் அவள் ஓட்டிப் பார்ப்பதே இல்லை. இஞ்சினை ஓட்டுவாள், சங்கிலியை ஓட்ட மாட்டாள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு: சங்கிலி இருந்தால் பெட்ரோல் இருக்கக் கூடாது, பெட்ரோல் இருந்தால் சங்கிலி இருக்கக் கூடாது. சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இஞ்சினை ஸ்டார்ட் செய்வாள். ஓடியதா, சத்தம் சீராக இருக்கிறதா, சரி. உடனே அணைத்து, பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டு, அதன் பிறகுதான் சங்கிலியை மாட்டி அலமாரியில் ஏற்றுவாள். சங்கிலி இல்லாமலே ஏற்றலாம்தான். ஆனால் பல்செட் செய்கிறவளுக்குப் பொக்கை வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சங்கிலியில் உள்ள ஒவ்வொரு பல்லையும் அரத்தால் தீட்டி, நகத்தில் வைத்துப் பார்த்து, வழுக்காமல் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மாட்டுவாள். அலமாரியில் நின்ற அத்தனையும் முடியைப் பிளக்கிற கூர்மை.

புது மெஷின்களில் கைக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். மெஷின் துள்ளினால் அது கையில் பட்டுச் சங்கிலி நின்றுவிடும். பழைய மெஷின்களில் அந்தக் கதையே கிடையாது. அதைச் செய்தவர்களுக்கு அடுத்தவன் கை கால் மேல் அவ்வளவு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. பழைய மெஷினில் ஆளுக்குப் பாதுகாப்பு என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து விரலை எடுத்தால் சங்கிலி நின்றுவிட வேண்டும். உள்ளே ஒரு சின்ன இரும்புக் கிண்ணம் இருக்கிறது. இஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ரெண்டு கட்டைகள் விரிந்து அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும், கிண்ணம் சங்கிலியை இழுக்கும். விரலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் கட்டைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், கிண்ணம் நிற்கும், சங்கிலி நிற்கும். எல்லாம் அந்தத் துக்கடா ஸ்பிரிங் கையில்தான் இருக்கிறது.

ஆரஞ்சு மெஷினின் ஸ்பிரிங்குகளுக்கு மாற்று கிடைக்கவில்லை. பழையதையே கழுவி மாட்டினாள். சங்கிலி இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது, விரலை எடுத்த பிறகும் கிண்ணம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கிண்ணம் லேசான பொருள், சங்கிலியின் பாரம் இல்லாவிட்டால் சும்மாவே கொஞ்சம் சுற்றும். அவளிடம் இருந்த எல்லா மெஷின்களிலும் அப்படித்தான் சுற்றியது. சங்கிலி போட்டால் பாரத்தில் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டாள். சங்கிலி போட்டு ஓட்டுகிற எவனும் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். மாட்டிய மறு நிமிஷம் தெரிந்துபோயிருக்கும்.

காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் அது. ஊரில் பாதி மரம் தெருவில் கிடந்தது. ரம்பக்கா நடந்தே வேலைக்கு வந்து, ஒரு மேல்தாடைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"என் முட்டிவலி மாத்திரையை எங்க வச்ச?"

"கண்ணாடி அலமாரியில, மேல்தட்டுல. பாத்து எடுங்க, கண்ணாடி லூசா இருக்கு."

"சரி சரி. ஆங், சொல்ல மறந்துட்டேன். காலையில நீ கிளம்பினதும் மாப்பிள்ளை வந்தாரு. அவங்க வீட்டு கேட் மேல மரம் சாஞ்சுருச்சாம். அறுக்க ஆள் கிடைக்கலையாம், ஊர் பூரா இதே கதைதானே. உன் ஆரஞ்சு மெஷினைக் குடுத்து அனுப்பிட்டேன்."

மெழுகுக் கத்தி அவள் கையிலேயே நின்றது. "அதுல பெட்ரோல் இல்லையே."

"நான் ஊத்திக் குடுத்தேன். ஆயிலும் கலந்துதான். லாரி ஓட்டினவனுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா?"

"ஸ்டார்ட் ஆயிருக்காதே." ஆகியிருக்கக் கூடாது என்று அவள் மனசு கெஞ்சியது.

"ரெண்டே இழுப்புடி! மாப்பிள்ளை அசந்து போயிட்டாரு. ஆக்சிலரேட்டர்ல கையே வைக்க வேணாம், சும்மா வச்சிருந்தாலே சங்கிலி சர்ருன்னு சுத்துது. அவ்வளவு பவர்!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்பிரிங் செத்துவிட்டது. விரலை எடுத்தாலும் அந்தச் சங்கிலி நிற்காது. மாப்பிள்ளை மரத்திலிருந்து மெஷினை வெளியே எடுப்பார், வேலை முடிந்தது என்று நினைத்துத் தொடையோரம் தொங்கவிடுவார், ஒரு கையால் வியர்வையைத் துடைப்பார், கிளையைத் தாண்டக் காலைத் தூக்கி வைப்பார். அத்தனை நேரமும் அது ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பற்களை அவளுக்குத் தெரியும். அவளே தீட்டியவை.

"என்னங்க, உடனே மாப்பிள்ளைக்குப் போன் போடுங்க. மெஷினை அணைக்கச் சொல்லுங்க. அது கெட்டுப்போன மெஷின்."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுறதுதாங்க கேடு. நிக்கணும். அது நிக்கணும்!"

"உனக்கு எதுக்குத்தான் பயம் இல்ல, சொல்லு. மாப்பிள்ளை என்ன குழந்தையா? கண்ணாடி லூசுன்ன, கெட்டியாத்தான் இருக்கு. மாத்திரை கிடைச்சிருச்சு, வை."

வைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் அவள் ஊதிய அபாயச் சங்குகளை வரிசையாக வைத்தால் ஊரைச் சுற்றி வரும். பிளக்கில் கை வைக்காதீங்க, ஈரத்தில் நடக்காதீங்க, அந்தப் பாலம் வேண்டாம். ஒன்றும் நடந்ததில்லை. இன்றைக்கு மட்டும் அவர் ஏன் நம்ப வேண்டும்?

அவளே மாப்பிள்ளைக்குப் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள், மறுபடியும். அந்த இரைச்சலில் போன் சத்தம் எங்கே கேட்கப் போகிறது. மகளுக்குப் போட்டாள். அவள் பேங்க்கில் வேலை பார்க்கிறாள், கவுன்டரில் உட்கார்ந்தால் போனை அணைத்து டிராயருக்குள் போட்டுவிடுவாள். அணைத்துத்தான் இருந்தது.

ரம்பக்கா எழுந்தாள். டாக்டர் எதிரே வந்து அந்த மேல்தாடை எப்போது கிடைக்கும் என்று ஏதோ கேட்டார். அவள் அவரைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். ஸ்பிரிட் விளக்கை அணைத்தோமா என்ற நினைப்பே அவளுக்கு அன்றைக்கு வரவில்லை.

பஸ் இல்லை. ஒரு டாக்ஸியைக் கையைக் காட்டி நிறுத்தி முன்சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தாள். போகும்போதும் போனை விடாமல் அமுக்கிக்கொண்டே வந்தாள். மார்க்கெட் வரை போனார்கள். அதற்கு மேல் ஒரு பெரிய மரம் கம்பங்களையும் இழுத்துக்கொண்டு சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது.

"இதுக்கு மேல போகாதும்மா. சுத்திப் போனா ரொம்ப நேரம் ஆகும்" என்றார் டிரைவர்.

இறங்கி நடந்தாள். நடை கொஞ்ச தூரம்தான், பிறகு ஓட்டம். ஐம்பது தாண்டிய உடம்பு, ஓடிப் பழக்கம் இல்லாத கால். அறுந்து கிடந்த மின்கம்பி ஒன்றைத் தாண்டிவிட்டுத்தான், தாண்டியது கம்பி என்று தெரிந்தது. போகிற வழியெல்லாம் மரம் அறுக்கும் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. ஆனால் அவையெல்லாம் புது மெஷின்கள், கீச்சென்று கத்துகிறவை. அவள் தேடியது அது இல்லை. ஆரஞ்சு மெஷினின் குரல் அவளுக்குத் தெரியும். கட்டையான குரல், நடுவில் லேசாக ஒரு இருமல்.

பள்ளிக்கூட மதிலைத் தாண்டியதும் அது கேட்டது.

தூரத்தில், வீடுகளுக்கு அப்பால், இருமலோடு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடுகிறது. மரத்தில் அழுந்தும்போது குரல் தாழ்கிறது, வெளியே வரும்போது ஏறுகிறது. யாரோ பிடித்திருக்கிறார்கள், அழுத்துகிறார்கள், எடுக்கிறார்கள். மாப்பிள்ளை நின்றுகொண்டிருக்கிறார். எதை நிறுத்தச் சொல்ல ஓடிவந்தாளோ, அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று அவள் இப்போது வேண்டிக்கொண்டாள்.

நின்றது.

பட்டென்று, பாதியில் நின்றது. அவளும் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். வேலை முடிந்து அணைத்தாரா? பெட்ரோல் தீர்ந்ததா? அல்லது. அந்த அல்லதுக்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. யாராவது கத்துகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு குழந்தை எங்கோ சிரித்தது. எவரோ வாளியை இழுத்தார்கள். மாப்பிள்ளை தனியாகத்தான் இருப்பார். கத்துவதற்குக்கூட ஆள் இருக்காது. போய்ப் பார்க்கவும் பயம், போகாமல் நிற்கவும் பயம்.

மறுபடியும் இழுக்கும் சத்தம். ஒன்று, ரெண்டு. இருமிக்கொண்டு பிடித்தது மெஷின். அவள் ஓடினாள்.

மகள் வீட்டு மதில் தெரிந்தது. கேட் மடங்கிப் போயிருக்க, அதன்மேல் மரம் கிடந்தது. பாதிக் கிளைகளை அறுத்து ஓரமாக ஒழுங்காக அடுக்கியிருந்தார் மாப்பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியார், எதையும் வரிசையாகத்தான் வைப்பார். அடிமரத்தின் மேல் ஒரு காலை வைத்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேலே சட்டை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. மெஷினை மரத்திலிருந்து எடுத்து வலது கையில் தொங்கவிட்டிருந்தார். விரல் ஆக்சிலரேட்டரில் இல்லை. அவள் இருந்த இடத்திலிருந்தே அது தெரிந்தது. சங்கிலி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில், அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

தொண்டை வரைக்கும் வந்த குரலை அவள் கையால் வாயைப் பொத்தி நிறுத்தினாள். கூப்பிட்டால் திரும்புவார். அவர் திரும்பும் பக்கம்தான் அந்தச் சங்கிலியும் திரும்பும். எத்தனையோ நாள் வீணாகக் கத்தியவள், கத்தியே ஆகவேண்டிய அன்றைக்குக் கத்த முடியாமல் நின்றாள்.

மெதுவாக, சுள்ளிகள் ஒடியாமல், மதிலை ஒட்டி நடந்து சுற்றினாள். அவர் கண்ணெதிரே போய் நிற்க வேண்டும். பதறாமல் நிற்க வேண்டும். கையை மட்டும் காட்டி, அதைக் கீழே வையுங்கள் என்று சைகை செய்ய வேண்டும். ஓடும் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே போனாள், ஒரு இலை அதில் பட்டுத் தூளாகிப் பறந்தது. எதிரே வந்து நின்றாள். கையைத் தூக்கினாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது பயம் இல்லை, வெட்கம். அத்தை முன்னால் வெற்றுடம்போடு நிற்கிறோமே என்ற கூச்சம். ஓடும் மெஷினை ஒரு கையில் பிடித்துக்கொண்டே, மறு கையை நீட்டிக் கிளையில் தொங்கிய சட்டையை வெடுக்கென்று இழுத்தார்.

சட்டை காற்றில் சுழன்று வந்தது. கைப்பகுதி தாழ்ந்தது. சங்கிலி அதைக் கவ்வியது.

ஒரே இழுப்பு. மெஷின் அவர் பக்கம் துள்ளியது, துணி சரசரவென்று உள்ளே போனது, அவரும் குனிந்து அதோடு போனார். ரம்பக்கா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூட வரவில்லை. கிண்ணத்தில் துணி சுற்றிச் சுற்றிச் சிக்கியது, இஞ்சின் இருமியது, திணறியது, நின்றது.

மெஷினின் நுனி அவர் தொடைமேல் சாய்ந்து கிடந்தது. கையில் காலர் மட்டும் மிச்சம்.

"போச்சு, புதுச் சட்டை" என்று சொல்லி மாப்பிள்ளை சிரித்தார். "உங்க பொண்ணு இன்னைக்கு என்னைத் தொலைச்சுடுவா. வாங்க அத்தை, ஏன் இப்படி மூச்சு வாங்குது? மாமாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் அவர் அருகே போனாள். மெஷினை வாங்கினாள். பிளக்கின் ஒயரைப் பிடுங்கினாள். மூடியைத் திறந்து பெட்ரோலை மண்ணில் கொட்டினாள். அதன் பிறகுதான் அடிமரத்தின்மேல் உட்கார்ந்தாள்.

"என்ன அத்தை?"

"விரலை எடுத்தா சங்கிலி நிக்கணும் மாப்பிள்ளை. இது நிக்கலையே. உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சே. காலையில அவளும் கேட்டா, ஏன் இது நிக்கவே மாட்டேங்குதுன்னு. அப்புறம் அவளே சொன்னா, எங்கம்மா அணைஞ்ச தீக்குச்சியைத் தண்ணியில போடுற ஆளு, அவங்க கையில இருந்து ஆபத்தான சாமான் ஒண்ணு வெளிய வருமா, பழைய மெஷின்னா அப்படித்தான் இருக்கும், நீங்க தைரியமா அறுங்கன்னு." அவர் மறுபடியும் சிரித்தார். "சரிதானே? நீங்க எவ்வளவு பயப்படுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? நீங்க பாத்து விட்டதுன்னா அதுல ஒரு தப்பும் இருக்காது."

இத்தனை வருஷமும் அவள் பயத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அதை நம்பியும் இருந்தார்கள் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"நான் பாக்கல மாப்பிள்ளை."

"என்ன?"

"சங்கிலி போட்டு ஓட்டிப் பாத்ததே இல்ல. இதை மட்டும் இல்ல, எதையுமே. உள்ள ஸ்பிரிங் போயிருக்கு. ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஏன் அத்தை ஓட்டல?"

"பயமா இருந்துச்சு."

மாப்பிள்ளையின் சிரிப்பு உதட்டிலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. பிறகு போனது. அவர் குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தார். தொடைப் பக்கத்தில் துணி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் விரலை விட்டுத் தடவினார். தோலில் மெல்லிய சிவப்புக் கோடு, ரத்தம்கூட இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அத்தைக்குச் சமமாக ஒருநாளும் உட்காராத மனுஷன், மெதுவாக அவள் பக்கத்தில் அதே மரத்தின்மேல் உட்கார்ந்தார்.

"பேங்க்குக்குக் கிளம்புற வரைக்கும் அவதான் எனக்குக் கிளையைப் பிடிச்சுக்கிட்டா" என்றார் மாப்பிள்ளை. குரல் வேறு மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கம் நின்னா?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். அவர் சற்று முன் மெஷினைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற இடத்துக்கு நேர் பக்கத்தில், உடைந்த கிளைகளுக்கு நடுவே, மகளின் செருப்புத் தடம் ஈர மண்ணில் பதிந்து கிடந்தது. நீட்டிய கையை அவர் மடக்கவே இல்லை. ரம்பக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.